கார்டுல 2,400 வெள்ளி பாக்கி: புதுக் கடன் வாங்காம கொஞ்சம் கொஞ்சமா அடைக்க முடியுமா?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். சிங்கப்பூர்ல வேலை பாக்குறார், கிரெடிட் கார்டுல 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பாக்கி நிக்குது. தீபாவளிச் செலவு, திடீர்னு போன ஃப்ரிட்ஜ், அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு திருச்சி டிக்கெட், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து சேந்தது. சிபிஎஃப் (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) போக மாசம் 3,200 கைக்கு வருது, சேமிப்புக் கணக்குல 1,500 இருக்கு, கார்டுக்கு மாசாமாசம் மினிமம், அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைஞ்சபட்சத் தொகை மட்டும் கட்டிட்டு, தினச் செலவுக்கும் அதே கார்டையே தட்டிட்டு வர்றார். புதுசா எந்தக் கடனும் வாங்காம இதை மெதுவா அடைச்சிடலாமா, சேமிப்பைத் தொடலாமா, "கொஞ்சம் பாக்கி வச்சிருந்தாதான் கிரெடிட் ஸ்கோர் ஏறும்"னு கூட வேலை பாக்குறவர் சொல்றது நிஜமான்னு கேக்குறார்.

அடைச்சிடலாம் தம்பி. நான் பல வருஷம் ஒரு வங்கியோட கார்டு பிரிவுல வேலை பாத்திருக்கேன், இந்த அளவு பாக்கிய சொந்தச் சம்பளத்துலயே முடிச்சவங்கள நிறைய பாத்திருக்கேன். உங்க முழுச் சம்பளம் 4,000-ன்னு வச்சுக்கிட்டா, எல்லா வங்கியிலயும் சேத்து வட்டி ஏறுற பாக்கி 48,000-ஐ தொடர்ந்து மூணு மாசம் தாண்டினாத்தான், அதாவது மாசச் சம்பளத்தோட 12 மடங்கு, எம்ஏஎஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) விதிப்படி ஈடு இல்லாத புதுக் கடன் எதுவும் கிடைக்காம போகும். நீங்க அதுக்குப் பக்கத்துலயே இல்ல. அதனால ராத்திரி தூக்கம் கெட வேண்டிய அளவு விஷயம் இல்ல இது. ஆனா இப்ப நீங்க கட்டுற விதத்துல கட்டினா அடையவே அடையாது, அதுக்கு காரணம் நீங்க கம்மியா கட்டுறது மட்டும் கிடையாது, பாக்கி இருக்குற அதே கார்டை இன்னும் தட்டிக்கிட்டே இருக்கீங்க பாருங்க, அதுதான் முக்கியமான காரணம். இந்தப் பதில்ல நான் சொல்ல வர்றதுல முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான்.

கார்டுல வட்டியில்லாத நாள்னு ஒண்ணு இருக்கு இல்லையா, ஸ்டேட்மெண்ட் வந்து ட்யூ டேட் வரைக்கும் ஏறக்குறைய 20, 25 நாள், அது பில்லை முழுசா கட்டுறவங்களுக்கு மட்டும்தான். முழுசா கட்டாம ஒரு பகுதிய பாக்கி வச்சுட்டா அந்தச் சலுகை போயிடும். பழைய பாக்கிக்கு மட்டும் வட்டி போடுவாங்கன்னு பெரும்பாலானவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, புதுசா தட்டுற ஒவ்வொரு காசுக்கும் தட்டின நாள்லேர்ந்தோ கணக்குல பதிவான நாள்லேர்ந்தோ தினமும் வட்டி ஓட ஆரம்பிச்சிடும். காலைல எம்ஆர்டி ரயில் ஏற கார்டைத் தட்டுறீங்க, மத்தியானம் கோப்பிக்கடையில ஒரு நாசி பிரியாணி, சாயங்காலம் ஃபேர்பிரைஸ்ல பாலும் முட்டையும், இது எல்லாம் வருஷத்துக்கு 27, 28 சதவீத வட்டிக் கடன்ல வாங்கினதா ஆகிடுது. மாசம் 800 வெள்ளி இப்படி அந்தக் கார்டுல ஓடுதுன்னு வச்சுக்குவோம், அடுத்த பில்லுக்கு பணம் கட்டுற வரைக்கும் சராசரியா 40 நாள், அதுக்கு மட்டும் 23 வெள்ளிக்கு மேல வட்டி. இதே 800-ஐ டெபிட் கார்டுல செலவு பண்ணியிருந்தா வட்டியே கிடையாது.

அதனால இன்னைக்கு ராத்திரி உக்காந்து முதல்ல இதைப் பண்ணுங்க. கார்டை பர்ஸ்லேர்ந்து எடுத்துடுங்க, வங்கி ஆப்ல கார்டை தற்காலிகமா லாக் பண்ற வசதி இருக்கும், லாக் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு மாச ஸ்டேட்மெண்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் பாருங்க. தானா ஓடுற செலவெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பஸ், எம்ஆர்டி கட்டணம் ஒண்ணு, நிறைய பேர் சிம்ப்ளிகோவுல கிரெடிட் கார்டையே தட்டுறாங்க, அதை டெபிட் கார்டுக்கோ, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற ஈசி லிங்க் கார்டுக்கோ மாத்துங்க. ஃபோன் பில், எஸ்பி பில் (கரண்ட், தண்ணி), படம் பாக்குற ஆப், கிராப்ல சேவ் பண்ணி வச்ச கார்டு, ஷாப்பி, லஸாடா, பிள்ளையோட ட்யூஷன் சென்டர், இன்சூரன்ஸ் பிரீமியம். இது ஒவ்வொண்ணையும் உள்ள போய் கார்டு நம்பரை மாத்தணும், ஒரு மணி நேரம் பிடிக்கும், சலிப்பான வேலைதான், ஆனா இதைச் செய்யாம மத்ததைச் செஞ்சு பிரயோஜனம் இல்ல. தவணையில வாங்குற ஆப் இருக்கே, அடோம் மாதிரி, அதுல பணம் எடுக்க இந்தக் கிரெடிட் கார்டை இணைச்சிருந்தீங்கன்னா அதையும் பிரிச்சுடுங்க, வட்டி இல்லாத தவணைன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்குறது கார்டுக்கு வந்து விழுந்ததும் வட்டியோடதான் ஓடும்.

வீட்டம்மா கையில சப்ளிமெண்டரி கார்டு இருக்கான்னும் பாருங்க. ரெண்டும் ஒரே கணக்குதான். நீங்க இங்க 300 கட்ட, அவங்க விவரம் தெரியாம தேக்கால 250-க்கு காய்கறி, மீன், பூஜைச் சாமான் வாங்கிட்டு வந்தாங்கன்னா அவங்க மேல தப்பு கிடையாது, நீங்க சொல்லலையே. கடன் விஷயத்தை வீட்டுல மறைச்சு அடைக்கிறவங்களுக்கு ரெண்டு மடங்கு நாள் ஆகும்னு நான் பாத்த வரைக்கும் உறுதியா சொல்வேன், ஏன்னா செலவைக் குறைக்கணும்னாலும் காரணம் சொல்ல முடியாது, பொய்க்கு மேல பொய்யா போகும். சொல்லிடுங்க.

அடுத்து மினிமம். ஸ்டேட்மெண்ட்ல அதைத்தான் பெரிசா போட்டிருப்பாங்க. இங்க பெரும்பாலான வங்கியில பாக்கியில 3 சதவீதம் இல்லன்னா 50 வெள்ளி, எது அதிகமோ அது, முன்னாடி மாசம் கட்டாம விட்டது இருந்தா அதுவும் சேரும். சில வங்கியில கணக்கு கொஞ்சம் வேற மாதிரி, வட்டியோட 1 சதவீதம் அசல்னு போடுவாங்க, ஆனா கடைசியில வர்ற தொகை பெரிசா மாறாது. உங்க 2,400-க்கு 3 சதவீதம்னா 72 வெள்ளி. வட்டி வருஷத்துக்கு 27 சதவீதம்னு வச்சா ஒரு மாசத்துக்கு 54 வெள்ளி. ஆக நீங்க கட்டுற 72-ல 54 வட்டிக்குப் போயிடுது, அசல்ல குறையுறது 18 வெள்ளி. ஒரு மாசம் முழுக்க உழைச்சு கட்டின பணத்துல 18 வெள்ளி!

இதுல இன்னொண்ணு, பாக்கி குறைய குறைய மினிமமும் குறைஞ்சுக்கிட்டே வரும், பாக்குறதுக்கு சலுகை மாதிரி தெரியும், ஆனா அதனாலதான் கடன் இழுத்துக்கிட்டே போகுது. நான் கணக்கு போட்டுப் பாத்தேன், கார்டைத் தொடவே தொடாம வெறும் மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா இந்த 2,400 அடைய 9 வருஷத்துக்கு மேல ஆகுது, மொத்தமா கட்டுறது 6,000 வெள்ளி பக்கம். அதே இது, முதல் மாசம் கட்டின 72-ஐயே பிடிவாதமா மாசாமாசம் குறைக்காம கட்டிட்டு வந்தீங்கன்னா 5 வருஷம் 3 மாசத்துல முடிஞ்சிடுது. ஒரு வெள்ளி கூட கூடுதலா போடல, வங்கி குறைச்சுக்கிட்டே வர்ற தொகைய நீங்க குறைக்காம இருந்தீங்க, அவ்வளவுதான், நாலு வருஷம் மிச்சம். மாசம் 200 கட்டினா 15-ஆவது மாசத்துல முடியும், வட்டி 430 பக்கம். 300 கட்டினா 9 மாசம், வட்டி 275 பக்கம். 400 கட்டினா 7 மாசம், வட்டி 200 சொச்சம். நான் உங்களுக்கு 300-தான் சொல்வேன், 400 இல்ல. கைக்கு 3,200 வர்ற குடும்பத்துல 400 எடுத்தா மூணாவது மாசம் எங்கயாவது இடிக்கும், இடிச்சதும் கார்டைத்தான் தேடுவீங்க. விடாம கட்டக்கூடிய தொகைதான் நல்ல தொகை.

இப்ப சேமிப்பு 1,500. இதுல நிறைய பேருக்கு மனசு வராது, கையில கொஞ்சம் இருக்கட்டுமேன்னு தோணும், நியாயம்தான். ஆனா கணக்கைப் பாருங்க. சாதாரண சேமிப்புக் கணக்குல வருஷத்துக்கு 0.05 சதவீத வட்டிதான், 900 வெள்ளி ஒரு வருஷம் முழுக்கக் கிடந்தா 45 காசு கிடைக்கும். அதே 900 கார்டு பாக்கியா நின்னா ஒரு நாளைக்கு 66 காசு வட்டி. நாளைக்கு! அதனால 900-ஐ எடுத்து உடனே கார்டுல போடுங்க, 600-ஐ மட்டும் அப்படியே விட்டு வைங்க. முழுசையும் எடுத்துப் போடச் சொல்லாம 600 விடச் சொல்றது ஏன்னா, அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குள்ள டாக்டர் செலவோ, ஃபோன் உடைஞ்சதோ, ஊர்லேர்ந்து அவசரமா ஒரு ஃபோனோ ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வரும், அப்ப கையில காசு இல்லன்னா மறுபடியும் கார்டுதான். இப்படிப் பண்ணினா பாக்கி 1,500 ஆகும், மாசம் 300 வீதம் ஆறாவது மாசத்துல முடிஞ்சிடும், கடைசி மாசம் 300 கூட வராது, மொத்த வட்டி 110 வெள்ளி பக்கத்துல நிக்கும்.

எப்ப கட்டுறதுன்றதும் முக்கியம். ட்யூ டேட் வரைக்கும் காத்திருக்காதீங்க. ட்யூ டேட்ங்கறது லேட் ஃபீஸ் விழாம இருக்குறதுக்கான கடைசி நாள்தான், பாக்கி வச்சிருக்குறவங்களுக்கு வட்டி அதையெல்லாம் பாக்காம தினமும் ஓடிக்கிட்டுதான் இருக்கும். சம்பளம் வந்த அன்னைக்கே, இல்லன்னா மறுநாள், 300 போயிடணும். 20 நாள் முன்னாடி கட்டினா 300-க்கு 4 வெள்ளி சொச்சம் வட்டி மிச்சம், சின்னதுதான், ஆனா அதைவிட பெரிய லாபம், சம்பளம் வந்த அன்னைக்கு போன காசை நாம செலவு பண்ண முடியாது. ஆப்ல மாசாமாசம் தானா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுடுங்க, சம்பளம் 25-ஆம் தேதின்னா 26-ஆம் தேதிக்கு போடுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, சம்பளத்தன்னைக்கு கட்டினது முந்தின ஸ்டேட்மெண்டுக்கான மினிமமா கணக்காகுதா, அதாவது ஸ்டேட்மெண்ட் வந்த பிறகு ட்யூ டேட்டுக்குள்ள விழுதான்னு பாத்துக்குங்க. ஸ்டேட்மெண்ட் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி 300 கட்டிட்டு, அதுக்கப்புறம் வந்த மினிமத்தை கட்டாம விட்டு லேட் ஃபீஸ் வாங்கினவங்க உண்டு. தேதி ஒத்துவரலன்னா வங்கிக்கு ஃபோன் போட்டு ஸ்டேட்மெண்ட் தேதிய மாத்தித் தருவீங்களான்னு கேட்டுப் பாருங்க. வேற வங்கிக் கணக்குலேர்ந்து கட்டினா கார்டுல வரவு விழ ரெண்டு மூணு வேலை நாள் ஆகலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஏஎக்ஸ்எஸ் மெஷின்ல கட்டிட்டு நிம்மதியா இருக்காதீங்க.

ஜைரோ, அதாவது வங்கிக் கணக்குலேர்ந்து பில் பணம் தானா போற ஏற்பாடு, போட்டிருக்கீங்களா? அந்த ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருக்கும், முழுத் தொகையா, மினிமமான்னு. கார்டு வாங்கின புதுசுல மினிமத்துல டிக் பண்ணிட்டு, ஜைரோ இருக்கு எல்லாம் தானா போயிடும்னு ரெண்டு வருஷம் ஸ்டேட்மெண்டைத் திறக்காமலே இருந்தவங்கள நான் கவுன்டர்ல பாத்திருக்கேன். நல்லா சம்பாதிக்கிறவங்க, ஒரு மாசம் கூட தவறாம கட்டினவங்க, ஆனா வட்டியா போனதைக் கேட்டதும் அவங்க முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. உங்களுக்கு இப்ப மினிமம் ஜைரோ இருந்தா எடுக்க வேணாம், ஒரு காவலா இருக்கட்டும், என்னைக்காவது மறந்தாலும் லேட் ஃபீஸ் விழாது. அது மேல 300-ஐ நீங்களா கட்டுங்க. முழுசா அடைஞ்ச பிறகு ஃபாரத்தை முழுத் தொகைக்கு மாத்திடுங்க.

300-க்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. உங்க வீட்டுச் செலவு எனக்குத் தெரியாது, அதனால அதைக் குறை இதைக் குறைன்னு நீட்டமா சொல்ல மாட்டேன். அரசாங்கம் குடுக்குற சிடிசி வவுச்சர் வீட்டுக்கு வந்தது மிச்சம் இருந்தா இந்த ஆறு மாசத்துல பயன்படுத்துங்க, பாதி சூப்பர்மார்க்கெட்ல செல்லும், பாதி உணவங்காடியிலயும் அக்கம்பக்கத்துக் கடையிலயும் செல்லும், அதனால மிச்சமாகுற ரொக்கத்தை அன்னைக்கே கார்டுல போடுங்க, 40 வெள்ளியா இருந்தாலும் பரவாயில்ல, எப்ப வேணாலும் எத்தனை தடவை வேணாலும் கட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க. வருஷக் கடைசியில 13-ஆவது மாசச் சம்பளம் வர்ற வேலைன்னா அதுல ஒரு பகுதிய ஒதுக்குங்க. அம்மா அப்பாவுக்கு ஊருக்கு அனுப்புற பணத்தை மட்டும் கேக்காம குறைச்சுடாதீங்க, அவங்க அதை நம்பி மருந்து மாத்திரை வாங்குறவங்களா இருப்பாங்க, முதல்ல பேசிப் பாருங்க.

கிரெடிட் ஸ்கோர் விஷயம். பாக்கி வச்சாதான் ஸ்கோர் ஏறும்ங்கறது தப்பு, முழுத் தப்பு. இங்க கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் ஸ்கோரை 1000-லேர்ந்து 2000-க்குள்ள போடுறாங்க, உச்சம் ஏஏ, கீழே எச்எச் வரைக்கும் போகும். அவங்க பாக்குறது, நேரத்துக்கு கட்டினீங்களா, எவ்வளவு பயன்படுத்துறீங்க, சமீபத்துல எத்தனை இடத்துல புதுசா விண்ணப்பிச்சீங்க, எத்தனை கணக்கு வச்சிருக்கீங்கன்றதையெல்லாம். வட்டி கட்டினதுக்கு யாரும் மார்க் போடுறது இல்ல. கார்டைப் பயன்படுத்தி முழுசா கட்டினாலே நல்ல பதிவுதான். ரிப்போர்ட்ல கடந்த 12 மாசம் நீங்க எப்படி கட்டினீங்கன்னு மாசவாரியா இருக்கும், அதனால நாளைக்கு ஹெச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்குற எண்ணம் இருந்தா இப்ப ஒழுங்கா கட்டி முடிக்கிறதுதான் உங்களுக்கு உதவும். கூட வேலை பாக்குறவர் நல்ல எண்ணத்துல சொல்லியிருப்பார், அவரும் அதை நம்பி மாசாமாசம் வட்டி கட்டிக்கிட்டு இருக்கார்னா அவர்கிட்டயும் சொல்லுங்க.

புதுக் கடன் வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்க, இருந்தாலும் நாலு பேர் நாலு யோசனை சொல்வாங்க, அதனால சொல்லி வைக்கிறேன். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்னு ஒண்ணு, வேற ஒரு வங்கி உங்க பாக்கிய எடுத்துக்கிட்டு 3, 6, 12 மாசத்துக்கு வட்டி இல்லைன்னு சொல்லும், ஆனா முன்னாடியே ஒரு கட்டணம் பிடிச்சுக்கும். 1,500-க்கு 2 சதவீதக் கட்டணம்னா 30 வெள்ளி, நம்ம திட்டத்துல வட்டி 110, ஆக 80 வெள்ளி மிச்சம். நல்ல விஷயம்தான், மோசம்னு சொல்ல மாட்டேன், 5,000, 8,000 பாக்கின்னா நானே முதல்ல அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்க தொகைக்கு அந்த 80 வெள்ளிக்காக இன்னொரு வங்கியில புதுக் கணக்கு திறந்து, இன்னொரு ட்யூ டேட்டை ஞாபகம் வச்சு, காலியான பழைய கார்டு கையில இருக்குறப்போ மறுபடியும் தட்டாம இருக்கணும். அப்படித் தட்டாம இருக்க முடியும்னு உறுதியா இருந்தா பண்ணுங்க, கெடு முடியுறதுக்குள்ள முழுசா அடைக்கணும், மிச்சம் ஒரு காசு நின்னாலும் அதுக்கு பழையபடி 27, 28-தான்.

லைசென்ஸ் உள்ள மணிலெண்டர்கிட்ட மட்டும் இதுக்காகப் போகவே போகாதீங்க. சட்டப்படியே அவங்க மாசத்துக்கு 4 சதவீதம் வரைக்கும் வட்டி வாங்கலாம், கடன் தொகையில 10 சதவீதம் வரைக்கும் கட்டணம் வேற. 2,400 எழுதி வாங்கினா கைக்கு 2,160 வரலாம், அதை வச்சு 2,400 கார்டு பாக்கிய அடைக்கவே முடியாது, வட்டியும் கார்டைவிட ரொம்ப அதிகம். வாட்ஸாப்லயோ எஸ்எம்எஸ்லயோ "உடனடி கடன், பேப்பர் வேணாம்"னு வந்தா அது லைசென்ஸ் உள்ளவங்க அனுப்புனதா இருக்காது, அவங்களுக்கு அப்படி விளம்பரம் பண்ண அனுமதியே கிடையாது. அது ஆலோங் ஆளுங்கதான், சட்டவிரோதமா வட்டிக்கு விடுறவங்க. சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) விவரமோ வேலை பாக்குற இடமோ எதையும் குடுக்காம பிளாக் பண்ணிடுங்க, வீட்டுக் கதவுல பெயின்ட் ஊத்துறது, பக்கத்து வீட்டுக்காரங்கள மிரட்டுறதுன்னு போகும் அது.

நகையை அடகு வைக்கலாமான்னு வீட்டம்மா கேப்பாங்க, நம்ம வீட்டுல அந்தப் பேச்சு வராம இருக்காது. இங்க அடகுக்கடை வட்டிக்கு மாசம் 1.5 சதவீதம்தான் உச்சவரம்பு, வருஷத்துக்கு 18 சதவீதம், கார்டைவிடக் குறைவுதான். ஆனா ஆறு மாசக் கெடுவுக்குள்ள மீட்கணும், இல்லன்னா வட்டி கட்டி புதுப்பிக்கணும், ரெண்டும் நடக்கலன்னா வளையல் கைய விட்டுப் போயிடும். உங்க பாக்கியே ஆறு மாசத்துல அடையப் போகுது, தாய் வீட்டுல போட்ட நகைய அதுக்காக எடுத்துட்டுப் போக வேண்டிய அவசியமே இல்ல. சீட்டு போட்டிருந்து உங்க முறை இந்த நேரத்துல வந்தா கார்டுல போடுங்க, இதுக்காகப் புதுசா சீட்டுல சேராதீங்க. கார்டை வச்சு ஏடிஎம்ல ரொக்கம் எடுக்குறது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேணாம், எடுக்குற தொகைக்கு 6, 8 சதவீதம் கட்டணம், எடுத்த நிமிஷத்துலேர்ந்து வட்டி.

நடுவுல ஒரு மாசம் தடுமாறிட்டா என்ன பண்றது? வேலை நேரம் குறைஞ்சு சம்பளம் கம்மியா வந்துச்சு, பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, எதுவா இருந்தாலும் அந்த மாசம் மினிமம் மட்டுமாவது ட்யூ டேட்டுக்குள்ள போயிடணும். அதையும் விட்டா 100 வெள்ளி பக்கம் லேட் ஃபீஸ், சில வங்கி வட்டியையும் கூட்டும். முதல் தடவைன்னா ஹாட்லைனுக்கு ஃபோன் போட்டு, உடனே கட்டிடுறேன், லேட் ஃபீஸை தள்ளுபடி பண்ணுங்கன்னு கேளுங்க, பதிவு நல்லா இருந்தா பல நேரம் பண்ணிடுவாங்க, கேக்காதவங்களுக்குத்தான் கிடைக்காது. வருஷக் கட்டணமும் அப்படித்தான். கூச்சப்பட வேணாம், அந்தப் பக்கம் ஃபோன் எடுக்குறவருக்கு அது தினசரி வேலை. ஒரு வேளை நிலைமை ரொம்ப முத்தி கட்டாம 60 நாள் தாண்டிடுச்சுன்னா அந்தக் கார்டுல செலவு பண்ண முடியாது, வேற எந்த வங்கியும் புதுசா ஈடு இல்லாத கடனோ கார்டோ தரக்கூடாது, அது எம்ஏஎஸ் விதி. அங்க போற வரைக்கும் காத்திருக்காதீங்க, முன்னாடியே வங்கியைக் கூப்பிடுங்க. பல வங்கியில பாக்கி சேந்து தலைக்கு மேல போனவங்களுக்கு கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்னு ஒரு அறநிறுவனம் இருக்கு, வங்கிகளோட பேசி கட்டக்கூடிய மாதிரி தவணை ஏற்பாடு பண்ணித் தருவாங்க. உங்களுக்குத் தேவைப்படாது, ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது தேவைப்படலாம்.

கடைசி மாசத்துல ஒரு விஷயம் இருக்கு, அது தெரியாம நிறைய பேர் குழம்புறாங்க. ஸ்டேட்மெண்ட்ல 90 வெள்ளின்னு காட்டுது, நீங்க 90-ஐயும் முழுசா கட்டிட்டீங்க, முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அடுத்த மாசம் ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி வட்டின்னு மறுபடி ஒரு ஸ்டேட்மெண்ட் வரும். அது தப்பு கிடையாது, ஸ்டேட்மெண்ட் போட்ட நாளுக்கும் நீங்க கட்டின நாளுக்கும் நடுவுல ஓடின வட்டி. சின்னத் தொகைதானேன்னு அதைத் திறந்து பாக்காம விட்டாலோ, தவறா போட்டிருக்காங்கன்னு நினைச்சு கட்டாம விட்டாலோ, அதுவே பாக்கியா நின்னு லேட் ஃபீஸ் வரைக்கும் போகும். அதனால கடைசித் தவணை கட்டுற அன்னைக்கு வங்கிக்கு ஃபோன் போட்டு, "இன்னைய தேதி வரைக்கும் வட்டியோட சேத்து முழுசா முடிக்க எவ்வளவு"ன்னு கேட்டு அந்தத் தொகையக் கட்டுங்க. அதுக்கப்புறம் வர்ற ரெண்டு ஸ்டேட்மெண்டையும் திறந்து பாருங்க, ரெண்டும் பூஜ்யம் காட்டுற வரைக்கும் ஃபோன் பில்லையோ எம்ஆர்டியையோ அந்தக் கார்டுக்கு திருப்பி மாத்தாதீங்க.